முதுகு மட்டும் தெரிந்த ராஜா

அந்தப் படத்தில் ராஜா குதிரையேறும் இடத்திலெல்லாம் ஏறியது லாயத்துக் குதிரைக்காரர்தான். ராஜாவாக நடித்த பெரிய நடிகருக்குக் குதிரையைக் கண்டாலே தொடை நடுங்கும். அதனால் கிரீடமும் பொய்முடியும் இவர் தலைக்கு வந்தன. காமிரா மட்டும் முதுகைத் தாண்டி முன்னால் வரவில்லை.

பகைநாட்டு இளவரசியை விரும்பிய ராஜா, அரியணையே வேண்டாமென்று அவளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார். மலையுச்சியில் வளைத்து இருவரையும் கொன்றுவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

படக்குழுவுக்கென்று போட்ட காட்சிக்கு இவரையும் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரி தலைகால் புரியாமல் கிளம்பிவிட்டாள். கடைசித் துரத்தல் வந்தது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, எங்கோ யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, அவள் எழுந்தே விட்டாள்.

"அதோ, எங்க வீட்டுக்காரரு! இடது தோளை இறக்கி உட்கார்ந்திருக்காரு பாருங்க!"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையிலிருந்த உதவி இயக்குநர் திரும்பினார். முகம் கடுகடுத்தது.

"யாருய்யா இந்தம்மா? உன்கூட வந்தவங்களா?"

"இல்லீங்க சார். யாருன்னே தெரியாது."

குதிரைக்காரரின் வாய் முந்திக்கொண்டது. அவர் முழங்கையைப் பிடித்திருந்த அவள் கை மெல்ல விலகியது. திரையில் ராஜா இளவரசியை மறைத்துக்கொண்டு வாள்களுக்கு முன்னால் நின்றார். குதிரைக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பேருந்தில் அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் இவர் இழுத்தார்.

"ஏதோ பயத்துல சொல்லிட்டேம்மா. இனிமே கூப்பிட மாட்டாங்களோன்னு..."

"முதுகைப் பார்த்தே நான் கண்டுபிடிச்சேன். நீங்க என் முகத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே தெரியாதுன்னீங்க."

கத்தவில்லை, அழவில்லை. அவருக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் தட்டை அப்படியே மூடி வைத்தார்.

மறுநாள் முதல் வேலையாக உதவி இயக்குநரைத் தேடிப் போனார்.

"நேத்து தியேட்டர்ல சத்தம் போட்டது என் சம்சாரம் சார். நான் பொய் சொல்லிட்டேன்."

கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர், "என்ன சத்தம்? ஓ, அதுவா... விடுய்யா" என்றார். மனுஷன் அதை மறந்தே போயிருந்தார். இந்த ஆளுக்குப் பயந்தா கட்டினவளைக் கைவிட்டோம் என்று குதிரைக்காரருக்கு உடம்பே கூசியது.

வீடு திரும்பி, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் நடந்ததைச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருகிட்ட எதுக்குச் சொன்னீங்க? அவரா உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு?"

அப்போதுதான் உறைத்தது, மன்னிச்சிடு என்ற சொல்லை அவளிடம் இன்னும் சொல்லவே இல்லையென்று. சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், அடுத்த துணியை எடுத்து மடித்தாள். குனிந்த தலையை நிமிர்த்த முடியாமல் அவர் வாசற்படியிலேயே நின்றார்.