முப்பத்திரண்டு வரிசையும் ஒரு தகரக் கொட்டகையும்

நேரில் போய்ப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயத்தை, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் நாலு வாரம் ஆராய்வதற்கு எங்கள் தொழிலில் மென்பொருள் ஒப்பீடு என்று பெயர். எந்த ஃப்ரேம்வொர்க் நல்லது என்று எழுதித் தரச் சொல்லி உங்களையும் யாராவது உட்கார வைத்திருந்தால், இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தோள்பட்டை வலிக்கும்.

ஒரே ஒரு இடம்

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது. நாலு தெரு தள்ளி, கனரக வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. அங்கே ஒவ்வொரு பாகத்தையும் அளந்து கணினியில் பதிவு செய்கிறார்களே, அந்த சாஃப்ட்வேரை எட்டு வருடத்துக்கு முன் எழுதியது நான். இப்போது அதைப் புதிதாக எழுத வேண்டும். ஃப்ரேம்வொர்க் என்பது கட்டடத்துக்குத் தூண் நிறுத்துகிற மாதிரி. நிறுத்தியபின் மாற்ற முடியாது. எனக்குத் தெரிந்த பழைய ஜாவா ஃப்ரேம்வொர்க்கிலேயே தொடர்வதா, என்னோடு வேலை செய்யும் பிரவீன் கற்று வைத்திருக்கிற புதியதற்குப் போவதா என்பதுதான் கேள்வி.

ஒப்பிட்டு அறிக்கை எழுதும் பொறுப்பை மேனேஜர் என்னிடமே கொடுத்தார். எனக்குப் பழையதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஒளிச்சுப் பேச விரும்பல தேவிகா. இந்த ப்ராஜெக்ட்ல ஒருத்தருக்குத்தான் இடம். எது ஜெயிக்குதோ, அது தெரிஞ்சவங்க இருப்பாங்க."

எடை போட்ட விதம்

ஒப்பீட்டு அட்டவணை எப்படிப் போடுவோம் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் யார் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்வோம். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் எத்தனை சதவீத எடை என்பதை அதற்கேற்றபடி தட்டிக்கொட்டுவோம். வேகம், பாதுகாப்பு, பராமரிப்பு என்று முப்பத்திரண்டு வரிசை போட்டேன். 'அனுபவமுள்ள ஆள் இருக்கிறாரா' என்ற வரிசைக்கு மட்டும் இருபத்தைந்து சதவீதம் கொடுத்தேன். அனுபவமுள்ள ஆள் என்றால் நான்தான். பழையது நாலு மதிப்பெண் வித்தியாசத்தில் ஜெயித்தது.

பிரவீன் என் திரையை எட்டிப் பார்த்தான். நல்ல பையன், குரலை உயர்த்திப் பேச மாட்டான். அன்றைக்கும் உயர்த்தவில்லை. "அக்கா, அந்த ஒரு வரிசைய எடுத்துட்டா யார் ஜெயிப்பாங்கன்னு பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன்.

ஏசி அறைப் பரீட்சை

இரண்டிலும் ஒரு மாதிரி செய்து, இரண்டு டேப்லெட்டில் ஏற்றி, தொழிற்சாலைக்கு எடுத்துப்போனோம். அங்கே தொழிற்சாலை மேலாளர் அறையில் ஏசி, தலைக்கு மேலேயே வைஃபை. இரண்டும் வழுக்கிக்கொண்டு ஓடின. எனக்கு மூச்சு திரும்ப வந்தது. 'செயல்பாடு சமம்' என்று குறித்துக்கொண்டேன். அளவு பார்க்கும் பிரிவின் ஏழுமலை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் சாஃப்ட்வேரை எட்டு வருடமாகத் தினமும் தொடுகிறவர். நான் அவரோடு பேசுவது அன்றுதான் முதல் தடவை.

"இங்க குந்திகினு பாத்தா எல்லாம் ஓடும் மேடம். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும், அதுக்கு மின்னாடி எங்க ஷெட்டாண்ட வந்து பாருங்க."

இரண்டு மணி ஆவதற்குக் கால் மணி

போனோம். தகரக் கொட்டகை, காதைப் பிளக்கும் சத்தம். அளந்தவுடன் பதிவு செய்வார்கள் என்று நினைத்துத்தான் நான் எழுதியிருந்தேன். அப்படி யாருமே செய்வதில்லை. அளவை பாகத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதிவைத்துவிட்டு, ஷிஃப்ட் முடிய கால் மணி இருக்கும்போது மொத்தமாக அடிக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில். அடித்து முடிக்காமல் யாரும் கிளம்ப முடியாது.

ஏழுமலை என் டேப்லெட்டில் நாற்பது பாகத்தை அடித்துச் சேமிக்கத் தொட்டார். கிரேன் குறுக்கே நகர்ந்தது, சிக்னல் போயிற்று. வட்டம் சுற்றியது. பிறகு வெள்ளைப் பக்கம். நாற்பதும் போச்சு. பிரவீனுடையது, அடித்ததையெல்லாம் டேப்லெட்டிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் தானாக அனுப்பியது. ஏழுமலை பதறவில்லை. முதல் பாகத்துக்குத் திரும்பிப்போய், சாக்பீஸ் எழுத்தைப் பார்த்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார். சேமிக்கும்வரை அதை அழிக்காமல் வைத்திருந்ததே இதற்காகத்தான்.

"எட்டு வருசமா இப்டிதான் கீது மேடம். ரெண்டு வாட்டி அட்சிகினு, ரெண்டு இருவது ரயில் வண்டிய உட்டுட்டு, அடுத்த வண்டில நெமிலிச்சேரி ஊட்டுக்குப் போய்க்கினு கீறேன்."

முப்பத்துமூன்றாவது வரிசை

சேக்காட்டில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து சேரும்வரை வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. மகளின் பள்ளி, வீட்டுக்கடன் எல்லாம் அந்த அட்டவணைக்குள்தான் இருந்தன. மறுநாள் காலை ஒரு வரிசை சேர்த்தேன்: 'சிக்னல் போனால் அடித்தது அழியாமல் இருக்குமா?' என் வரிசையிலிருந்த இருபத்தைந்தை எடுத்து அதற்குக் கொடுத்தேன். பழையது தோற்றது, கொஞ்சநஞ்சமல்ல.

மேனேஜர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உன் பேர நீயே வெட்டிட்ட. திருத்தணும்னா சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு."

திருத்தவில்லை. எத்தனை தடவை அந்தக் கோப்பைத் திறந்து மூடினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒரு போன்

புதியது பிரவீன் கையால் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் இருக்கிறேன். காலையில் வந்து, அவனிடமே அந்தப் புதிய ஃப்ரேம்வொர்க்கைப் பாடம் கேட்கிறேன். அதை முடிப்பதற்குள் அடுத்த ப்ராஜெக்ட் வருமா, வெளியே போகச் சொல்லும் கடிதம் வருமா என்று தெரியாது. போன் அடித்தால் அலுவலக எண்ணா என்று முதலில் பார்க்கிறேன். போன வாரம் ஒரு மத்தியானம் அடித்தது. பின்னால் ரயில் சத்தம்.

"மேடம், ஏழுமலை பேசறேன். ரெண்டு இருவது வண்டில கீறேன்."

எட்டு வருடத்தில் என் சாஃப்ட்வேருக்கென்று எனக்கு வந்த ஒரே பாராட்டு, அதைத் தூக்கிப் போட்டதற்காக வந்தது.