கால் இன்ச்சும் இரண்டு நூலும்

நாற்பத்திரண்டே கால் இன்ச் என்று மச்சான் சொல்கிறார். அதெப்படி, நாற்பத்திரண்டு இன்ச் இரண்டு நூல் என்று வக்கீல் மறுத்து, டேப்பை அவர் கையிலிருந்து பிடுங்கி மறுபடியும் ஜன்னலில் வைக்கிறார். எங்கள் தொழிலில் ஓர் இன்ச்சை எட்டாகப் பங்கிட்டால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். இரண்டு நூல் என்றாலும் கால் இன்ச் என்றாலும் ஒன்றேதான். இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் கால் மணி நேரம் போகும். கடைசியில் மச்சான் துண்டுக் காகிதத்தில் அளவை எழுதுவார். வக்கீல் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இதைத்தானே நான் அப்போலேருந்து சொல்றேன்" என்பார்.

வக்கீல் என்பது நாங்கள் வைத்த பெயர். ஆள் கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. என் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக அளவெடுப்பதும் வெட்டுவதும் சுமந்துபோய் மாட்டுவதும் அவர் வேலை. மச்சான் அவர் மனைவியின் அண்ணன், வக்கீலைவிட மூன்று வயது மூத்தவர், அதே வேலை. கடையில் எல்லோருக்கும் அவர் மச்சான்தான்; முதலாளி நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். உறவு கொண்டாட நான் யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

வக்கீலுக்கு எதையும் அப்படியே ஒத்துக்கொள்ள வராது. மணி பத்து ஆகிவிட்டதே என்றால், ஆகவில்லை, ஆகப்போகிறது என்பார். மழை பெய்கிறது என்றால் இது தூறல் என்பார். மூக்குக்கண்ணாடியில் இடது பக்கம் விரிசல் விட்டு மூன்று வருஷமாகிறது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர் இப்படி வரலாமா என்று ஒருநாள் கேட்டேன். "இது வேற கண்ணாடி, முதலாளி. நம்ம கடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். ஆனால் கை இருக்கிறதே, அது வேறு ரகம். புதுக் கண்ணாடித் தகடு வந்தால் நகத்தால் ஒரு தட்டு, காதை வைத்து ஒரு கேட்பு. எந்த மூலையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான் என்பதை அவரே மறுக்க மாட்டார். மறுக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

நான் நாலாம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம். சைக்கிள் கேரியரில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவிப் போனவன் இன்றைக்கு மூன்று மாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் தூக்கிவிடவில்லை. இருந்தும் ஓர் இங்கிலீஷ் சொல்லுக்குப் பொருள் என்னை மாதிரி தெரிந்தவன் இந்தத் தெருவில் இல்லை. அந்தச் சொல் பிக்கர் (bicker).

என் மருமகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறது. ஒருநாள் கடைக்கு வந்தபோது இவர்கள் இரண்டு பேரும், ஈரத்துணியால் முதலில் துடைப்பதா காய்ந்த துணியாலா என்று மும்முரமாக இருந்தார்கள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இதற்கு இங்கிலீஷில் தனிச் சொல்லே இருக்கிறது என்று சொல்லி, அதைப் போடும் முறையையும் விளக்கியது. விஷயம் உப்புப் பெறாததாக இருக்க வேண்டும். கை நீளக் கூடாது. ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது, எதிரே ஒருவர் வேண்டும். பெரும்பாலும் நெருங்கிய ஆட்களுக்குத்தான் போடுவார்கள். கூழாங்கல் மேல் சலசலத்து ஓடும் ஓடைக்கும் அந்தக் காலத்தில் போட்டார்களாம். நம்மிடம் சண்டை இருக்கிறது, சச்சரவு, தகராறு, மல்லுக்கட்டு எல்லாம் இருக்கிறது. எதுவும் இவர்களுக்கு அளவாகப் பொருந்தவில்லை. ஒன்று பெரிதாக இருக்கிறது, ஒன்று சிறிதாக இருக்கிறது. எங்கள் கடையில் இதற்கு 'வேலை நடக்குது' என்று பெயர். உள்ளே சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அந்த அர்த்தம் எனக்கே முழுதாகப் புரிந்தது ஒரு நூலகத்தில்.

மாடியில் வாசிக்கும் அறைக்குக் கண்ணாடித் தடுப்பு. ஆள் உயரத் தகடு, படியில் சுமந்து ஏற்ற வேண்டும். மச்சான் மேல் முனையைப் பிடித்துப் பின்னோக்கி ஏறுவார், வக்கீல் கீழ் முனை. மச்சானுக்கு முதுகுக்குப் பின்னால் படி தெரியாது. வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இதிலும் ஒரு வழக்கு உண்டு. மேலே போய்ச் சேரும் தரையை மச்சான் கடைசிப் படியாகக் கணக்கு வைப்பார். வக்கீலுக்குத் தரை தரைதான், அது எப்படிப் படியாகும்? எந்த வீட்டுக்குப் போனாலும் வக்கீல் இன்னும் ஒன்று என்பார், உன் கணக்கா என் கணக்கா என்று மச்சான் கேட்பார், என் கணக்கு என்று பதில் வரும், அப்படியானால் இரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு படி ஏறுவார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு தகடு உடைந்ததில்லை.

அன்றைக்கு நூலகத்தில் ஆட்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். நூலகத்து அம்மாள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்கள். எனக்கும் கடையின் கௌரவம் பெரிதாகப் போய்விட்டது. இரண்டு பேரையும் ஓரமாக அழைத்து, மேலே போய் மாட்டி முடிக்கும்வரை ஒருவர் வாயும் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

திறக்கவில்லை. மேலே நெருங்கியதும், இன்னும் ஒரு படி என்பதற்கு வக்கீல் ஒருமுறை தலையை ஆட்டினார். அவர் கணக்கில் ஒன்று. மச்சான் தன் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒரு படி ஏறினார், தரை வந்துவிட்டது என்று காலைச் சமமாகப் பின்னால் வைத்தார். அங்கே இன்னொரு படி இருந்தது. குதிகால் இடித்துத் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். தகடு கைப்பிடிச் சுவரில் மோதி மூன்றாகப் போனது. யாருக்கும் காயமில்லை. படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

தப்பு யாருடையது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. உத்தரவு போட்டது யார் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

கடைக்குத் திரும்பியதும் வழக்கம்போல ஆரம்பிப்பார்கள், சாயங்காலத்துக்குள் ஆறிவிடும் என்று இருந்தேன். வக்கீல் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"உங்களுக்கு வயசாயிடுச்சு மச்சான்."

வயசு கூடப் பரவாயில்லை. அந்த 'உங்களுக்கு'. நீ, வா, போ என்று புழங்கிய வாயில் முதல்முறையாக மரியாதை வந்தது. மச்சான் கையுறையைக் கழற்றி, விரல் விரலாக நீவி, மேசை மேல் வைத்தார். "ஒண்ணாம் தேதிலேருந்து வேற ஆள் பாத்துக்குங்க முதலாளி" என்று என்னிடம் சொன்னார். வக்கீல் பக்கம் திரும்பவில்லை.

பதினோரு நாள் கடை கோயில் மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டே கால் என்று மச்சான் சொன்னால் வக்கீல் சரி என்று வெட்டினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பையில் சாப்பாடு வைத்து அனுப்பும் அந்தப் பெண், வக்கீலின் மனைவி, ஒருநாள் இரண்டு பைகளோடு கடைக்கே வந்துவிட்டது. வாசலில் நின்று என்னிடம் தாழ்ந்த குரலில் பேசியது.

"ஐயா, மாடியும் கீழுமா ஒரே வீட்ல இருக்கோம். ஒரு சத்தம் இல்ல. அண்ணன் வேற ஊர்ல வீடு பாக்குது. நீங்களாவது ரெண்டையும் வாயத் திறக்க வையுங்க."

அன்றைக்கு வீட்டில் மருமகளிடம், இப்போது இவர்களுக்கு அந்தச் சொல்லைப் போடலாமா என்று கேட்டேன். "பேசாம இருக்கிறவங்களுக்கு அது வராது மாமா. இது நிஜமாவே சண்டை" என்றது.

நூலகத்தின் வார விடுமுறை நாளில் கதவைத் திறக்கச் சொல்லி, புதுத் தகட்டோடு நானே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஈ காக்கை இல்லை. பேசலாம், கூரை இடியக் கத்தலாம். நூலகத்து அம்மாளே, இன்றைக்குத் தடையில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இரண்டு பேரும் கையுறையை மாட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் தகட்டைத் தூக்கினார்கள். வேறு வழியில்லாமல் நான் கீழே நின்று படியை எண்ணினேன். ஒன்று என்றேன், ஏறினார்கள். இரண்டு என்றேன், ஏறினார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு மரியாதையை நான் பார்த்ததில்லை.

ஏழு என்று சொன்னேன். வக்கீல் ஏறவில்லை.

கால் வழுக்குகிறதோ என்று நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறினேன். அப்படி ஒன்றும் இல்லை. விரிசல் விட்ட மூக்குக்கண்ணாடி வழியாக மேலே மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் பிடித்த முனை எத்தனை சுமையிலும் இம்மி இறங்கி நான் கண்டதில்லை. அதை நிதானமாக, நன்றாகத் தெரியும்படி ஒரு விரல்கடை கீழே இறக்கினார். தகடு கோணலாகச் சாய்ந்தது. திருத்தவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, மச்சான் வாயைத் திறக்கட்டும் என்று நின்றார்.