மொட்டை மாடியில் ரோஜர்

பட்டாபிராமில் ரயில் பாதையைத் தாண்டி, ஏரியை ஒட்டி முளைத்த புதுத் தெருக்களில் ஒன்றில் போய் பூபாலன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். 'நாய்க்கார சார் வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் லேத் இயந்திரத்தில் டர்னராக இருந்தவர் அவர். சர்வீஸில் யாரும் அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததில்லை. இந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

குவார்ட்டர்ஸில் இருந்தவரை நாய் வளர்க்க வழியில்லை. சொந்த வீடு கட்டி, கேட் போட்டு, கிரகப்பிரவேசம் முடிந்த மறுமாதமே லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்கி வந்தார். மகள் சௌம்யா அதற்கு ரோஜர் என்று பெயர் வைத்தாள். ஒரு வருடம் மூவரும் அதைக் கீழே விடாமல் கொஞ்சினார்கள். பிறகு சௌம்யாவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. குட்டி முப்பது கிலோவுக்கு வளர்ந்தது. சோபாவைக் கடித்த அன்று பூபாலன் செய்தித்தாளைச் சுருட்டி அதன் மூக்கில் நாலு போடு போட்டு, வாசற்படிக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று பழக்கினார். அன்றிலிருந்து கார் நிறுத்தும் இடத்துத் தூண்தான் ரோஜருக்கு வீடு. காலையும் மாலையும் மனைவி ஷோபனா தயிர்சாதத்தைத் தட்டில் போட்டு, காலால் நகர்த்தி வைத்துவிட்டு வருவாள்.

ஆனால் பூபாலனின் பைக்கில் நாய்ப் பாதம் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் ரோஜரின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவார். சிவப்புத் தோல் பட்டையோடு அதை அணைத்துப் படம் எடுத்து, தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவார். 'வாயில்லா ஜீவனை நேசிக்காதவன் மனுஷனே இல்லை' என்று கீழே எழுதுவார். எழுபது பேர் கை கூப்புவார்கள்.

அந்த வாயில்லா ஜீவன்களில் தெருநாய்கள் சேராது. தெருக்கோடியில் பாதி கட்டி நின்றுபோன வீடு ஒன்று உண்டு. அதைக் காவல் காக்க மேல்தளத்தில் குடியிருந்த கெங்கம்மாள், தினம் சாயங்காலம் கறிக்கடைக் கழிவை அரிசியோடு வேகவைத்து நாலைந்து தெருநாய்களுக்குப் போடுவாள். ஒருநாள் அவளை பூபாலன் நிறுத்திவைத்துப் பேசினார்.

"இதப் பாரும்மா, நாய் வளர்க்கறதுன்னா ஒரு முறை இருக்கு. ஊசி போடணும், பராமரிக்கணும். நீ பாட்டுக்குக் கண்டதையும் போட்டு இதுகளைச் சேர்த்தா, எங்க ரோஜருக்கு வியாதி ஒட்டும்."

"நா எங்க சார் வளக்கறேன்? பசின்னு வருது, போடறேன்," என்று சொல்லிவிட்டுச் சட்டியோடு போய்விட்டாள்.

அந்த வருடம் டிசம்பரில் புயல் வந்தது. இரண்டு நாள் விடாத மழை. ஏரி வழிந்து, பொழுது விடிவதற்குள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஒன்பது மணிக்கு அது கார் நிறுத்தும் இடத்துக்கு ஏறியபோது ரோஜர் தூணோடு ஒட்டி நின்று கத்திக்கொண்டிருந்தது. அண்ணா நகரில் மூன்றாவது மாடியில் இருந்த மைத்துனன் கிஷோர் போன் செய்தான்.

"மாமா, அக்காவைக் கூட்டிக்கிட்டு உடனே கிளம்பி வாங்க. நாய் மட்டும் வேணாம் மாமா. இங்க ஒத்துக்க மாட்டாங்க."

மதுரைவீரன் என்பவர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து ஆட்களை மெயின் ரோட்டுக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். பூபாலன் ரோஜரை வெளிப்படி வழியாக மொட்டை மாடிக்கு இழுத்துப்போனார். அவிழ்த்துவிட்டால் குதித்துவிடும் என்று தண்ணீர்த் தொட்டிக் குழாயில் சங்கிலியால் கட்டினார். ஒரு பேசின் நிறையச் சோறு, இரண்டு பாக்கெட் பிஸ்கட். குழாய்க்குப் பக்கத்தில் கூரை இல்லை. அதைப் பார்த்தார், பார்க்காதது போல இறங்கிவந்தார்.

டிராக்டரில் ஏறும்போது மதுரைவீரன் மேலே அண்ணாந்து பார்த்தார். "சார், நாயி கத்துது பாரு. இட்டுகினு வா, ஏத்திக்கலாம். இடம் கீது."

"வேணாம்பா. மாடியில சேஃபா இருக்கும். ரெண்டு நாள்ல வந்துடுவோம்."

மதுரைவீரன் கியரைப் போட்டார். வண்டி நகர்ந்தது. தெரு திரும்பும்வரை ரோஜரின் குரல் கேட்டது. ஷோபனா முந்தானையால் காதை மூடிக்கொண்டாள், மழைக்கு மூடுவது போல.

இரண்டு நாள் ஐந்து நாளானது. கிஷோர் வீட்டில் மின்சாரம் இருந்தது, சூடான காபி இருந்தது, தொலைக்காட்சியில் வெள்ளம் ஓடியது. இரண்டாம் நாள் சௌம்யா கூப்பிட்டு, "அப்பா, ரோஜர் எங்க?" என்றாள்.

"பக்கத்து வீட்ல விட்டிருக்கேம்மா. நல்லா பார்த்துக்கறாங்க," என்றார். ஷோபனா அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று மாலை தெருக் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'யார் வீட்டு மாடியிலோ நாய் நேற்றிலிருந்து கத்துகிறது. யாருடையது?' பூபாலன் அதைப் படித்தார். படித்துவிட்டார் என்று நீல நிறத்தில் தெரியுமே என்றுதான் முதலில் பயந்தார். பதில் எழுத விரலை வைத்தார். என்ன எழுதுவது? என்னுடையது என்றா? போனைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் குழுவில் நாயைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. சத்தம் நின்றுவிட்டது போலும் என்று நினைத்தபோது கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். போகலாம் என்று சட்டைகூட மாட்டினார். "ரோடெல்லாம் இடுப்பளவு தண்ணி மாமா, எப்படிப் போவீங்க?" என்று கிஷோர் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தது. கேட்டைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சேற்றோடு மாடிக்கு ஓடினார். பேசின் கவிழ்ந்து கிடந்தது. சங்கிலி குழாயிலேயே இருந்தது. அதன் நுனியில் சிவப்புப் பட்டை மட்டும் தொங்கியது.

கையில் எடுத்தார். உள்பக்கம் முழுக்க முடியும் காய்ந்த சீழும் அப்பியிருந்தது. ஐந்து நாளில் வந்த புண் அல்ல அது. எத்தனை மாதமாகப் பட்டை கழுத்தை அறுத்துக்கொண்டிருந்ததோ. எத்தனை படத்தில் அந்தப் பட்டையின் மேலேயே கையைப் போட்டுச் சிரித்திருக்கிறார்! பூபாலன் அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினார். யாரும் பார்த்துவிடக்கூடாது என்ற எண்ணம்தான் அப்போதும் முந்தி வந்தது.

தெருக்கோடி வீட்டின் முன்னால் நாலைந்து பேர் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒருவர், "சார், உங்க நாய் கெங்கம்மாகிட்ட இருக்கு. அந்தம்மா மட்டும் இல்லேன்னா அவ்ளோதான்," என்றார். கெங்கம்மாள் மேலிருந்து இறங்கி வந்தாள். பின்னால் தெருநாய்கள், அவற்றுக்கு நடுவில் ரோஜர். விலா எலும்பை எண்ணலாம். கழுத்தைச் சுற்றி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவியிருந்தது. ஒரு காதைச் சாய்த்தே வைத்திருந்தது.

அவரைப் பார்த்தது. அவ்வளவுதான். முனகிக்கொண்டே ஓடிவந்து, நிற்கமுடியாமல் சேற்றில் சறுக்கி, முன்னங்கால் இரண்டையும் அவர் இடுப்பில் வைத்து முகத்தை நக்கியது. வால் ஆடிய வேகத்தில் உடம்பே ஆடியது. 'கடிச்சிடு. ஒரு கடி கடிச்சிடு' என்று பூபாலன் மனசுக்குள் கெஞ்சினார். அது நக்கிக்கொண்டே இருந்தது.

"பாத்தியா, இன்னா பாசம்!" என்றார் சேறு வாரியவர்.

"மூணாம் நாளு கொரலு கம்மிப்போச்சு சார்," என்றாள் கெங்கம்மாள். "மனசு கேக்கல. செவுரேறி வந்துட்டேன். சங்கிலி கொக்கி துருப்புடிச்சு வரல, பட்டைய அவுத்துட்டேன். வர்றப்ப தண்ணி மார் மட்டும். அதுவேதான் நீந்திச்சு, நாந்தான் அத்தப் புடிச்சிகினு வந்தேன்." சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "நீ வரமுடியாம எங்கியோ மாட்டிகினு கீறேன்னு சொன்னேன் சார் இவங்க கைல," என்றாள்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா. மாட்டிக்கிட்டேன்," என்றார் பூபாலன்.

அன்று மாலை குழுவில் யாரோ ரோஜரும் அவரும் கட்டிக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டார்கள். நூற்றுப்பத்துப் பேர் கை கூப்பினார்கள். 'சார் மாதிரி நாய்ப் பிரியரைப் பார்க்க முடியாது' என்று ஒருவர் எழுதியிருந்தார். பூபாலன் அதற்குப் பதிலாக நடந்ததை எழுதினார். எழுதியதை அழித்தார். மூன்று தடவை.

மறுநாள் ரோஜரை கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். காதில் சீழ் பிடித்து வெகுநாளாகிறது, இடது காது இனிமேல் சரியாகக் கேட்காது என்றார் டாக்டரம்மா. கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று கேட்டார். வயது என்ன என்று கேட்டார். பிறந்தநாள் தேதி மட்டும் பூபாலனுக்குச் சட்டென்று சொல்ல வந்தது.

அதற்குமேல் அவரால் தாங்கமுடியவில்லை. கெங்கம்மாளைத் தேடிப் போனார். அவள் அடுப்பில் சட்டியை ஏற்றிக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"கெங்கம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் எங்கயும் மாட்டிக்கல. அண்ணா நகர்ல சௌக்கியமாத்தான் இருந்தேன். டிராக்டர்ல இடம் இருந்துச்சு. நான்தான் வேணாம்னுட்டேன்."

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும் சார். மதுரவீரன் அன்னிக்கே சொல்ச்சு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"தெருவே நின்னுகினு இருந்துச்சு. நாலு பேர் முன்னாடி உன்ன இன்னான்னு கேக்கச் சொல்ற?"

பூபாலனுக்குத் தலை நிமிரவில்லை. "நீயே வச்சுக்கறியா அதை? என்னைவிட உன்கிட்ட நல்லா இருக்கும்," என்றார்.

கெங்கம்மாளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "இன்னா சார் பேசற? எங்கிட்ட இருந்த ரெண்டு நாளும் அது ஒரு வாய் துன்னல. டிராக்டர் சத்தம் கேக்கறப்பல்லாம் படியாண்ட போய் நின்னுகினே இருந்துச்சு. உன் நாயி அது. ஊட்டுக்கு இட்டுகினு போ."

பொங்கலுக்கு சௌம்யா வந்தபோது அவளிடமும் சொன்னார். ஷோபனா வேண்டாம் என்று தடுத்தும் சொன்னார். சௌம்யா ரோஜரின் கழுத்தில் முடி முளைக்காத வளையத்தைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. இருந்த மூன்று நாளும் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசாமல் ஊருக்குப் போனாள். இப்போது போன் செய்தால் முதலில் "ரோஜர் சாப்பிட்டுச்சா?" என்று கேட்கிறாள். "படம் அனுப்புங்க," என்கிறாள். வெறும் வாய்ச்சொல்லை அவள் நம்புவதில்லை என்று அவருக்குத் தெரியும். அனுப்புகிறார். தெருக் குழுவிலிருந்து விலகிவிட்டார்; அங்கே உண்மையைச் சொல்லும் தைரியம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். சங்கிலியைத் தூக்கிப் போட்டார். தினம் இரண்டு வேளை காதுக்கு மருந்து விடுகிறார். ஹாலில் மின்விசிறிக்குக் கீழே பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, "வாடா ரோஜர், உள்ள வா," என்று கூப்பிட்டார்.

ரோஜர் வாசற்படி வரை வந்தது. வாலை ஆட்டியது. படியைப் பார்த்தது, அவர் கையைப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டது. பிஸ்கட்டைக் காட்டினார், எச்சில் வடிந்தது, கால் எழவில்லை. இழுத்துப் பார்த்தார், உடம்பைத் தரையோடு அழுத்தி, கண்ணை மூடி, மூக்கைக் கால்களுக்குள் புதைத்துக்கொண்டது.

விட்டுவிட்டார். மறுநாளும் கூப்பிட்டார். இன்றும் கூப்பிடுகிறார்.