குழாய்க்காரர் செய்த ஜெபம்

அந்தச் சபையில் குழாய்க்காரரைத் தெரியாதவர்கள் இல்லை. குழாய் வேலையில் கெட்டிக்காரர் என்பது ஒரு பக்கம். ஜெபம் என்று எழுந்து நின்றாரானால் பாஸ்டரே கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுவார். "அண்ணன் திறந்தா மூடத் தெரியாது" என்று வாலிபப் பிள்ளைகள் கேலி பேசுவது அவர் காதிலும் விழும். உள்ளூரப் பெருமைதான், மனிதருக்கு அதில் குறைச்சல் இல்லை.

இளவயதில் அவர் இப்படி இல்லை. ஒருமுறை ஆளில்லாத வீட்டில் குளியலறைச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தபோது, என்ன தோன்றியதோ, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கீங்களா?" என்று கடவுளைக் கேட்டார். பதில் வந்ததா என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தார். பிறகு பெரியவர்கள் ஜெபிப்பதைக் கேட்டுக் கேட்டு வாய் பழகிவிட்டது. "மகா பரிசுத்தமும் கிருபையும் நிறைந்த எங்கள் பரம பிதாவே" என்று தொடங்கிவிட்டால் போதும், மிச்சம் தானாக வரும். அந்தப் பழைய கேள்வியை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

வேலை முடிந்ததும் அந்த வீட்டில் ஒரு ஜெபம் செய்துவிட்டுத்தான் கிளம்புவார். எந்த வீட்டில் பரீட்சை, எந்த வீட்டில் கல்யாணம் தள்ளிப்போகிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நர்ஸம்மா வீட்டில் மகனின் சிறுநீரகக் கோளாறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே மகன். படுத்த படுக்கையாய்க் கிடந்து, போன மழைக்காலத்தில் இறந்துபோனான். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் குழாய்க்காரரும் ஒருவர்.

மழை விட்ட பிறகு, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நர்ஸம்மா கூப்பிட்டார். வாஷரை மாற்றினார், கையைத் துடைத்தார், வழக்கம்போல் ஹாலில் நின்று கண்ணை மூடினார். மனம் அடுத்துப் போகவேண்டிய வீட்டு மோட்டாரில் இருந்தது. வாய் மட்டும் ஓடியது.

"படுக்கையில் இருக்கும் உம்முடைய பிள்ளையைத் தொடும் ஆண்டவரே. அவனுடைய சிறுநீரகங்களைப் புதுப்பியும். அவன் எழுந்து நடப்பதை இந்தத் தாயின் கண்கள் காணட்டும்."

"ஆமென்!" என்றார் நர்ஸம்மா, சட்டென்று, உரக்க.

கண்ணைத் திறந்தால் எதிரே சுவரில் மகனின் படம். அப்போதுதான் உறைத்தது. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார்.

நடுத்தெருவில் வழுக்கி விழுந்தால் எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு போகலாம். இதை எங்கே தட்டுவது? தோளில் சுமந்தவனையே மறந்துவிட்டு, இத்தனை வருஷம் யாரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தோம்? வெட்கத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தனியாக உட்கார்ந்து ஜெபித்துப் பார்த்தார். "மகா பரிசுத்தமும்" என்று அதே வாய் அதே பாட்டைத் தொடங்கியது. சீ என்று எழுந்துவிட்டார்.

மனைவிக்கு விஷயம் தெரியாது. "பைப் ரெஞ்சு எங்கங்க?"

"நர்ஸம்மா வீட்டுல விட்டுட்டேன்."

"அப்ப போய் எடுத்துட்டு வர்றது! தேவதூதன் கொண்டுவந்து குடுப்பாருன்னு பாக்கறீங்களா?"

போகவில்லை. இன்னொருவரிடம் ரெஞ்சை இரவல் வாங்கி வேலையை ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஜெபிக்கக் கூப்பிட்டபோது, "தொண்டை சரியில்ல பாஸ்டர்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னார். முன்வரிசையிலிருந்து நர்ஸம்மா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு ஒளிய இடமில்லை. அன்று மத்தியானமே போய்க் கதவைத் தட்டினார்.

"ரெஞ்சுக்கு வரலக்கா. அன்னிக்கு நான்..." என்று இழுத்தார்.

"உக்காருங்க தம்பி" என்றார் நர்ஸம்மா. புடவைத் தலைப்பை நீவிக்கொண்டார். "நானும்தான் ஆமென் சொன்னேனே. நீங்க சொல்லச் சொல்ல, அவன் உள்ள ரூம்ல படுத்திருக்கான்னே நெனச்சுட்டேன். கண்ணத் திறந்தப்புறம்தான் இல்லைன்னு தெரிஞ்சுது."

குழாய்க்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"இப்ப ஒரு ஜெபம் பண்ணுங்க தம்பி."

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்ச மாதிரி பண்ணுங்க."

முழங்காலிட்டார். பழைய வார்த்தைகள் வரிசைகட்டி வந்து நின்றன. பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்தினார். கடைசியில், வீட்டில் பேசுகிற பேச்சில், திக்கித் திக்கிச் சொன்னார்:

"ரொம்ப வெட்கமா இருக்கு. அந்தப் பையன் செத்துட்டான். நான்தான் தூக்கிட்டுப் போனேன். இருக்கீங்களா?"

அவ்வளவுதான் வந்தது. இந்தத் தடவை நர்ஸம்மா ஆமென் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.