சூளையிலிருந்து கை உடையாமல் வந்த ரோபோ

இன்று காலை எங்கள் பொம்மைப் பட்டறையில் சூளையைத் திறந்தபோது நான் முதலில் தேடியது ரோபோவின் கையைத்தான்.

நான் பார்க்கும் அனிமே தொடரில் ஒரு ராட்சத ரோபோ தன் உள்ளங்கையில் இளவரசியைத் தாங்கி நிற்கும். அதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவன் அவளுடைய காதலன். அந்தக் காட்சியைக் களிமண்ணில் செய்து இரண்டு முறை சுட்டேன். இரண்டு முறையும் நீட்டிய கை உடைந்துபோனது.

இன்று முழுசாக வந்துவிட்டது! இளவரசியின் மூக்குக்குக்கூடச் சேதமில்லை.

இத்தனை நாள் கிண்டல் செய்த, கூட வேலை பார்க்கும் செல்வி அக்கா, அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரோபோ ஓட்டுறவன் இந்தப் பொண்ணக் கட்டிக்கிட்டானா?"

"கடைசி நாலு எபிசோடு இன்னும் டவுன்லோடு ஆகலக்கா."

"ஆனதும் சொல்லு, ஒங்க வூட்டுக்கு வரேன்."

இதே மாதிரி நிறையச் செய்து விற்க முதலாளி அச்சு எடுக்கவே சொல்லிவிட்டார். "கொலுவுல எந்தப் படியில வைக்கிறதுன்னு யாராவது கேட்டா நீதாம்மா பதில் சொல்லணும்" என்றார்.

சொல்லுங்களேன், எந்தப் படி?