வாசல் வாய்க்கால் மேல் அம்மா போட்ட கல்

எங்கள் அம்மா நிம்மதியாக ஓரிடத்தில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. மழை இருட்டினால் போதும், வாய்க்கால் அடைப்பைக் குத்திவிடக் கம்பியோடு வாசலுக்கு ஓடிவிடுவார்கள்.

அம்மா பிறந்தது செந்துறையில், மழையை நம்பிய மானாவாரி விவசாயக் குடும்பத்தில். கல்யாணமாகி அரியலூர் வந்தபோது, ஜமீன் காலத்து ஏரி வாய்க்கால் கடைத்தெரு வழியாக எங்கள் வாசலை ஒட்டி ஓடுவதைப் பார்த்து, "தண்ணி வூட்டுக்கே வருதே!" என்று அதிசயப்பட்டார்களாம். துணி துவைப்பதும், மாடு கழுவுவதும், கீரைக்கட்டு நனைப்பதும் அப்போது அதில்தான்.

அப்பா தவறிய பிறகு, அண்ணனையும் என்னையும் ஆளாக்க அம்மா இட்லிக்கடை போட்டார்கள். இடம் போதாமல் வாய்க்கால்மேல் ஒரு கருங்கல் பலகையைப் போட்டு அடுப்பு வைத்தார்கள். தெருவில் முதல் கல் அதுதான். பிறகு ஆளாளுக்கு மூடினார்கள்.

இட்லிக்கடை போய் அதே கல்மேல் அண்ணன் செல்போன் கடை வைத்த பிறகு, ஓர் ஐப்பசி மழையில் எங்கள் கல்லுக்கடியில் அடைத்த தண்ணீர், பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா வீட்டுக்குள் புகுந்து, தைத்து வைத்த துணியெல்லாம் பாழானது. அந்த அக்கா ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடியில் போட்டார். அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அண்ணனிடம் சொன்னார்கள்:

"கல்ல எடுத்துருடா."

"எடுத்துட்டு என் செல்போன் கடைய எங்கம்மா வைக்கிறது? ஊரே மூடி வச்சிருக்கு."

"மொதல்ல மூடுனவ நான்டா."

மழைக்கு மழை இதே சண்டை. படுத்த படுக்கையான பிறகும் மழைச் சத்தம் கேட்டால் அம்மாவின் கை கம்பியைத் தேடும்.

அம்மா போனதும் ஒரு மழைநாளில்தான். குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும்; ஓடுகிற நீரில் குடத்தை அமுக்கி மொண்டுவருவது வழக்கம். "கொழாய்ல புடிச்சிக்கலாம்ப்பா" என்றார்கள் உறவினர்கள். அண்ணன் வெறுங்குடத்தோடு வாசலில் நின்றார். பிறகு, "கடப்பாரைய எடுங்க" என்றார்.

முதலில் ஓடிவந்தவர்கள் தையல்கார அக்காவின் மகன்கள். கல்லைப் புரட்டி, பிளாஸ்டிக் பைகளையும் சேற்றையும் வாரிப்போட்டார்கள். கலங்கல் வடிந்து மழைத் தண்ணீர் வந்ததும் அண்ணன் குடத்தை அமுக்கினார். அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

அன்று கல்லுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், அம்மாவைச் சுமந்தவர்களுக்கும், நோயில் கூட இருந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மற்ற வாசல் கற்கள் அப்படியேதான் இருக்கின்றன. மழை வந்தால் இப்போது எனக்கும் இருப்புக் கொள்வதில்லை.

முதலாண்டு நினைவு நாளுக்கு வருகிறவர்கள் வாசலில் பார்த்துக் கால் வையுங்கள். அண்ணன் கடையை முன்னறைக்கு மாற்றிவிட்டார். அம்மாவின் கல்லை நாங்கள் திரும்பப் போடவில்லை.