எஞ்சினுக்குப் புதிது, அக்காவுக்குப் பழையது

எஞ்சின் இழுக்கும் காற்றில் தூசி போகாமல் தடுக்க எங்கள் காரில் ஒரு வலை இருந்தது. செப்புக் கம்பியை நெருக்கமாகப் பின்னி வட்டத் தகரம் ஒன்றுக்குள் வைத்திருந்தார்கள். அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, எஞ்சின் எண்ணெயில் தோய்த்து, வடியவிட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிக்கொள்ள, நல்ல காற்று மட்டும் உள்ளே போகும். மாதம் ஒரு தடவை செய்தால் போதும் என்று காரோடு வந்த புத்தகம் சொன்னது. அதை எழுதியவன் புழுதி கிளப்பும் சோளகக் காற்று வீசும்போது எங்கள் வேலணைத் தீவுத் தெருவில் நின்று பார்த்திருக்க மாட்டான். நான் கிழமைக்கு ஒரு தடவை கழற்றினேன்.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின காலம் அது. எங்களைப் பெற்ற ஐயா மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்தபோது காரையும் கொண்டுவந்தார். இரண்டு வத்தைப் படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டுத்தான் அதைக் கடல் தாண்டித் தீவுக்குக் கொண்டுவந்தோம். மலாயாவில் காரோட்ட அவருக்கு ஓர் ஆள் இருந்தான். இங்கே நான் இருந்தேன். இருபத்திரண்டு வயது, சோதனையில் இரண்டு தரம் தவறியவன், வீட்டில் சும்மா இருப்பவன். ஐயா என்னைப் பார்க்கும் பார்வையில் இந்த மூன்றும் இருக்கும்.

அக்கா என்னிலும் ஆறு வயது மூத்தவள். ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். சிறு வயதிலிருந்தே அவளுக்குத் தொய்வு. தூசி பட்டால் சில வேளை மூச்சு முட்டும், நெஞ்சு கீச்சிடும். அவள் வேலைக்குப் போவது ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. அரை மனதோடு விட்டவர் ஒரு நிபந்தனையும் போட்டார்.

"ஒருக்கா தொய்வு வந்து விழுந்தாலும் பள்ளிக்கூடம் அதோடை சரி. பிறகு என்னட்டை வந்து கேக்கக்கூடாது."

வீட்டில் அக்காவின் குரலே கேட்காது. பள்ளிக்கூட வாசலில் காரை விட்டு இறங்கியதும் வேறு ஆளாகிவிடுவாள். பிள்ளைகள் ஓடிவந்து மொய்க்க, சத்தமாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் நான் உடனே காரைத் திருப்பாமல் நிற்பேன். அவளுடைய வேலை என் கையில் இருக்கிறது, தூசி படாமல் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உப்புக் காற்றில் எஞ்சின் வலை இற்றுப்போனது. கொழும்புக்கு எழுதிப் புதிது எடுப்பித்தேன். அதைப் பூட்டியதும் எஞ்சினின் இரைச்சல் அடங்கி, கார் சீராக ஓடியது. பழைய வலையை எறிய மனம் வரவில்லை. அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது.

முன்கண்ணாடிக்குக் கீழே, ஆட்கள் இருக்கும் பக்கத்துக்குக் காற்று வருவதற்கு ஒரு சின்ன மூடி இருந்தது. அதைத் திறந்தால் தூசியும் வரும். எஞ்சினும் மூச்சு விடுகிறது, அக்காவும் மூச்சு விடுகிறாள், எஞ்சினுக்குச் சரியென்றால் அக்காவுக்கு ஏன் சரிவராது? பழைய வலையில் இற்றுப்போகாத பகுதியை வெட்டி, எண்ணெயில் தோய்த்து, அந்த மூடிக்குக் கீழே செருகினேன். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டேன்.

முதல் நாள் அக்காவின் வெள்ளைச் சேலை வெள்ளையாகவே வீடு திரும்பியது. ஐயா சேலையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இவனுக்கும் மூளை கிடக்குது எண்டு இண்டைக்குத்தான் கண்டனான்" என்றார்.

என் ஆயுளில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தரம்தான். நான் தலைகால் தெரியாமல் ஆடினேன்.

எஞ்சின் சூட்டில் அந்த எண்ணெய் ஆவி காருக்குள்ளேயே வந்து நிறைந்தது. எனக்கு மணக்கவில்லை. என் கை, சட்டை, தலைமயிர் எல்லாவற்றிலும் அதே மணம்தான்.

"தம்பி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கட்டே?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"இறக்காதேங்கோ அக்கா, தூசி வரும்."

அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் கேட்காமலே இறக்கிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்காக நான் இவ்வளவு பாடுபடுகிறேன், இவள் இப்படிச் செய்கிறாளே என்று. அன்று பின்னேரமே பின்கதவுகளில் கண்ணாடி சுற்றும் கைப்பிடிகளைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

காலையில் அக்கா கதவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னை மறியற்சாலையிலை போட்டுப் பூட்டிட்டாய் எல்லே" என்றாள். அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே இறங்கத் தொடங்கினாள். "இஞ்சை விடு தம்பி, நான் நடந்து போறன்" என்பாள். காரில் வந்து இறங்க வெட்கமாக்கும் என்று நான் கேலி செய்தேன். என் மனம் நோகக்கூடாதென்று ஒவ்வொரு நாளும் மூச்சை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். அதுதான் உண்மை.

இரண்டு கிழமை போயிருக்கும். பாதி வழியில் பின்கதவுக் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. தெருவில் தெரிந்தவர்களைக் கண்டு தட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் தட்டினாள். திரும்பிப் பார்த்தேன். அக்காவின் ஒரு கை கண்ணாடியில் இருந்தது. மற்றக் கை, கைப்பிடி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். அவள் தெருப் புழுதியில் முழங்காலில் விழுந்தாள். தூக்கக் குனிந்தபோது என் சட்டையை விலக்கித் தள்ளினாள். அப்போதுதான் எனக்கு மணத்தது.

முன்பக்கத்தில் இருத்தி, திறக்கக்கூடியதையெல்லாம் திறந்து, ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஊசி போட்டார்கள். மத்தியானம் ஐயா வண்டி பிடித்து வந்து சேர்ந்தார்.

"புதுசா ஏதும் மூச்சிலை பட்டதோ?" என்று டாக்டர் கேட்டார்.

"வேறை என்ன, கரும்பலகையிலை எழுதுற வெண்கட்டித் தூசிதான். நாள் முழுக்க அதுக்குள்ளைதானே நிக்கிறாள்" என்றார் ஐயா.

"அதுவாயும் இருக்கலாம்."

அக்காவுக்குப் பேச ஏலாது. என்னைப் பார்த்தாள். கைப்பிடிகள் இரண்டும் என் பைக்குள் தொடையில் குத்திக்கொண்டு கிடந்தன. வெண்கட்டி இல்லை, நான் வைத்த எண்ணெய் என்று நாலு சொல் சொன்னால் போதும், அவளுடைய வேலை தப்பியிருக்கும். ஐயா பாராட்டி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோழைத்தனம். இதற்கு வேறு பெயர் தேட எனக்கு இப்போது விருப்பமில்லை.

அக்கா வேலையை விடுவதாக ஐயா எழுதிய கடிதத்தை நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியில் அந்த வலையைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். கைப்பிடிகளைப் பூட்டினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் தனியே காரோட்டும்போது பின்னாலிருந்து கேட்கிறது: "தம்பி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கட்டே?" இறக்குங்கோ அக்கா என்று வாய்விட்டே சொல்லிவிடுவேன். திரும்பிப் பார்க்கப் பயம். மழையானாலும் புழுதியானாலும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கித்தான் ஓட்டுவேன். இந்த மனுசனுக்குக் கழன்றுவிட்டது என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அக்காவின் வேலை போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் காலை, ஐயா கோயிலுக்குப் போயிருந்தார். நான் எஞ்சின் வலையை அலசிப் பூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பள்ளிக்கூடப் பக்கம் ஒருக்கா போவமே?"

போனோம். கண்ணாடியை அவளே இறக்கினாள். சோளகம் புழுதியை வாரி இறைத்தது. வழிநெடுக அவளுடைய மூச்சையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். சீராக இருந்தது.

பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரம். அவளுடைய வகுப்பில் இப்போது வேறொரு ரீச்சர். அக்கா உள்ளே போய் அவரிடம் ஏதோ கேட்டாள். கரும்பலகை துடைக்கும் துணியை வாங்கி, அரைச்சுவரோரம் வந்து, எனக்கு நேரே நின்று உதறினாள். வெண்கட்டித் தூள் புகையாக எழும்பி அவளுடைய முகத்தை மூடியது. அதற்குள் நின்று ஆழமாக மூச்சை இழுத்தாள். பிறகு இன்னொரு தரம் இழுத்தாள். துணியைக் கொடுத்துவிட்டு, தலைமயிரெல்லாம் வெள்ளையாக வந்து காரில் ஏறினாள்.

"பாத்தியே தம்பி, ஒண்டும் செய்யேல்லை."

குரலில் கோபம் இல்லை. வீடு வரும்வரை அவள் வேறெதுவும் சொல்லவில்லை. நான் பேசுவதற்கு அவ்வளவு நேரம் விட்டிருந்தாள். வேலணை வந்துவிட்டது.